ஆடு வாய் வைக்காத செடி

எங்கே இருந்தாலும் தலைமுடி கலையாமல் இருக்கும் என் அழகன் அண்ணனுக்கு,

இந்த வருடம் உன் நினைவு நாளுக்கு ஃபிளக்ஸ் வைக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். சேகர் அண்ணனும் மற்ற டிரைவர்களும் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெரிதாக ஒன்று கட்டுவதாக இருந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட உன் படம், பின்னால் மேகம், இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா. "புறாவெல்லாம் வேணாண்ணே. லாரி கண்ணாடியில அசிங்கம் பண்ணுதுன்னு அவரு புறாவைக் கண்டாலே வெரட்டுவாரு" என்றேன். ஃபிளக்ஸுக்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதிக் கடையில் எல்லாரும் கேட்கப் படிக்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா?

எந்தக் கடை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மனைவி கடை திறந்துவிட்டார், அண்ணா. தையல் கடை. ஜாக்கெட் தைக்கிறார், ஆரி ஒர்க் போடுகிறார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறார். மார்க்கெட் பக்கத்துத் தெருவில் உன் மகள் பெயரில் போர்டு தொங்குகிறது. வெள்ளை எழுத்து, கருநீலப் பின்னணி. ஜிகினா இல்லை, சீரியல் லைட் இல்லை. நீ பார்த்திருந்தால் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, "ம், ஸ்டைலாத்தான் இருக்கு" என்று சொல்லியிருப்பாய். உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

கேட்கிறவர்களில் உன்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் அண்ணன் அன்பழகன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போவது வேலை. மற்ற டிரைவர்கள் இறங்கினால் புருவம் வரை வெள்ளையாக இருக்கும். இவர் இறங்கினால் இஸ்திரி கலையாத சட்டையோடு இறங்குவார். எங்கள் தாத்தா காலம் வரைக்கும் விக்கிரமங்கலம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்த குடும்பம் எங்களுடையது. அதனாலோ என்னவோ, நிமிர்ந்து நடப்பதும் நன்றாக உடுத்துவதும் இவருக்கு ஒரு பிடிவாதமாகவே இருந்தது. ஒரு நாள் வண்டி ஓட்டும்போதே நெஞ்சுவலி வந்தது. லாரியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். அன்றைக்கு ரோட்டில் போன யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அப்போது அண்ணியின் வயிற்றில் இனியா இருந்தாள். நீ அவளைப் பார்க்கவில்லை. இந்த ஒன்றை நினைக்கும்போது மட்டும் எனக்கு உன் மேல் அர்த்தமில்லாத கோபம் வருகிறது.

அவள் எப்படி இருக்கிறாள் தெரியுமா? சுருட்டை முடி. கண்ணாடியைக் கண்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள், அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. இன்னொரு குணமும் உண்டு. கையில் எது கிடைத்தாலும் அது வாய்க்குத்தான் போகும். தையல் சாக்பீஸ், நூல்கண்டு, வாடிக்கையாளரின் செருப்பு வார், அளவு எடுக்கும் டேப்பின் நுனி, எல்லாவற்றையும் ஒரு தடவை ருசி பார்த்தாகிவிட்டது. குறிப்பாகப் பச்சையாக எதைப் பார்த்தாலும் விடமாட்டாள். சந்தையிலிருந்து வரும் கீரைக்கட்டைப் பாதி வழியிலேயே மேய்ந்துவிடுவாள். அம்மா அவளை "ஏ ஆட்டுக்குட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள்.

இப்போது கடை திறந்த நாளுக்கு வருகிறேன். அண்ணி விளக்கேற்றத் தயங்கி நின்றபோது அம்மாவே தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா அவர்களுக்குக் கேசரியைக் கொஞ்சம் குறைவாகவே வைத்தாள். எனக்கு அன்றைக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உன் ஆட்கள் வந்தார்கள். சேகர் அண்ணன் தலைமையில் டாட்டா ஏஸில் ஒரு பெரிய தொட்டி வந்து இறங்கியது. கருங்கல் மாதிரி பெயிண்ட் அடித்த கனமான சிமெண்ட் தொட்டி. அதில் ஒரு செடி. அடித்தண்டு பருத்து வளைந்து, மேலே முழுக்க ரோஸ் நிறப் பூ. தொட்டியில் உன் பெயரைத் தங்க எழுத்தில் எழுதியிருந்தார்கள். தெருவே நின்று பார்த்தது. எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நானும்தான் பிடித்தேன்.

"அடீனியம்மா. பாலைவன ரோஜாம்பாங்க. தண்ணியே கேக்காது. வெயிலு எவ்வளவு அடிச்சாலும் தாங்கும். முக்கியமா, ஆடு வாய வைக்காது" என்றார் சேகர் அண்ணன்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். நம்ம பக்கத்தில் வாசலில் செடி வைக்கிறவர்கள் பார்க்கிற முதல் விஷயம் அதுதானே? அழகு அப்புறம், வாசம் அப்புறம். முதலில், ஆடு தின்னுமா தின்னாதா? அந்தத் தெருவில் டீக்கடைக்கார அம்மாவின் ஆடுகள் யாரையும் கேட்காமல் உலாத்தும். அவை சினிமா போஸ்டரைக்கூட விட்டு வைத்ததில்லை.

எல்லாரும் ரசித்துக்கொண்டிருந்தபோது அண்ணி கிட்டே போனார். ஒரு இலையைக் காம்போடு கிள்ளினார். பால் துளிர்த்தது. அதை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். திரும்பி, என் இடுப்பில் இருந்த இனியாவைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் அந்தப் பூவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இந்தச் செடி இங்க வேணாங்க" என்றார்.

அண்ணா, உன்னை ஒன்று கேட்கிறேன். நீ இருந்தவரைக்கும் அண்ணி உன்னிடம் "வேணாம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நீ வாங்கிய சேலையைக் கட்டினார். நீ சொன்ன சினிமாவுக்கு வந்தார். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தாலும் குடித்தார். எங்கள் வீட்டில் அவர் குரலை யாரும் சரியாகக் கேட்டதே இல்லை. அந்தக் குரல் முதல் தடவை தெருவில் கேட்டது, உன் பெயர் எழுதிய தொட்டியின் முன்னால் நின்று, உன் கூட்டாளிகள் எல்லாரும் பார்க்க.

"ஏம்மா, அழகனுக்காகக் கொண்டாந்ததும்மா இது" என்றார் சேகர் அண்ணன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தெரியும்ணே. பாலு வடியுற செடிண்ணே. இது அரளி சாதி. எங்கூர்ல பச்சை முந்திரிக்கொட்டையக் கடிச்சுட்டு ஒதடு வெந்து போன புள்ளைங்கள நான் பாத்துருக்கேன். இது அதவிட மோசம். இவ பாக்குறதையெல்லாம் வாயில போடுறவ."

"கடைக்குள்ள கண்ணு வச்சுப் பாத்துக்க வேண்டியதுதானம்மா. ஆடுகூட வாய வைக்காத செடிம்மா."

"ஆடே வாய வைக்கலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்லண்ணே" என்றார் அண்ணி.

அவர் சண்டை போடுகிற மாதிரி சொல்லவில்லை, ஜாக்கெட்டுக்குக் கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று கேட்கிற மாதிரிதான் சொன்னார். "தொட்டி இங்கயே இருக்கட்டும்ணே. அவரு பேரு இருக்கு. செடிய மட்டும் உங்க லாரி செட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அங்க புள்ளைங்க வராது. நல்லா பூக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவர்களுக்குக் கலர் சோடா எடுத்து வந்தார். அவர்கள் குடித்தார்கள். ஆனால் போகும்போது யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் போனில் தேடிப் பார்த்தேன். அண்ணி சொன்னது சரி. பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். வாய்க்குள் போனால் நெஞ்சின் துடிப்பையே பிடிக்கும் என்று போட்டிருந்தது. நெஞ்சு. அந்த வார்த்தையைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எம்புள்ள பேருல வந்த மொதச் செடிய வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாளே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணியிடம் சொல்லவில்லை. அண்ணிக்குத் தெரியாமலும் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் சோறு, குழம்பு என்று தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். கடை வாசலில் தொட்டி காலியாகக் கிடந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்னம்மா, தொட்டி சும்மா கெடக்கு?" என்று கேட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் உன் பெயர் எழுதிய தொட்டிக்குள் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போனான். அதை அண்ணி கழுவிய விதத்தைப் பார்த்துவிட்டு, "கெளம்புங்க அண்ணி, போயி ஒரு செடி வாங்கிட்டு வருவோம்" என்றேன்.

நான் இன்னும் பெரம்பலூரில் அதே மெடிக்கலில்தான் வேலை பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் இனியாவையும் அங்கே வரச் சொல்லி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு நர்சரிக்குக் கூட்டிப் போனேன்.

"என்ன மாதிரி பாக்குறீங்க?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

"நாள் பூரா வெயில் தாங்கணும். கடை வாசல்ல பாத்ததும் ஆளு நின்னு பாக்கணும். புள்ள பிச்சி வாயில போட்டா ஒண்ணும் ஆவக்கூடாது" என்றார் அண்ணி.

"மூணாவதுதாம்மா இடிக்குது" என்று சிரித்தார் அவர். அன்று முழுக்க அந்த மூணாவதுதான் இடித்தது. சிவப்பும் மஞ்சளுமாக யூபோர்பியா காட்டினார். உடம்பெல்லாம் முள், கிள்ளினால் பால். மஞ்சள் பூக்கொடி ஒன்றை வளைவாகக் கட்டி வைத்திருந்தார், அதுவும் பால். குரோட்டன்ஸ் நிறம் நிறமாக இருந்தது. இனியாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, அதனாலேயே அண்ணிக்குப் பிடிக்கவில்லை. பெரிய இலையில் வெள்ளைத் தெளிப்பு விழுந்த ஒரு செடியை நான் ஆசையாகத் தொட்டபோது நர்சரிக்காரரே, "அது வேணாம்மா, கடிச்சா நாக்கு வீங்கிரும்" என்று தடுத்துவிட்டார். நேர்மையான மனுஷன். ஆனால், "செடிய எல்லாரும் பாக்கத்தான் வாங்குவாங்க, நீங்க என்னமோ திங்க வாங்குற மாதிரில்ல கேக்குறீங்க" என்றும் ஒரு தடவை முனகினார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ரோஜா என்றேன். முள் என்றார் அண்ணி. துளசி என்றேன். "துளசி நல்லதுதான் கலா. ஆனா அது ஆளுங்க செருப்பு வுடுற எடம்" என்றார். அம்மா போனில் கறிவேப்பிலை என்றாள். கறிவேப்பிலையைத் தெருவில் வைத்தால் அடுத்த நாள் தெருவே ரசம் வைக்கும் என்று நான்தான் சொல்லி போனை வைத்தேன்.

வெயில் ஏறிவிட்டது. நான் கிளம்பலாம் என்று நினைத்தபோது அண்ணி கடைசி வரிசையில் ஒரு செடி முன்னால் நின்றுவிட்டார். ஒற்றைத் தண்டு, இடுப்பு உயரம். உச்சியில் இலையெல்லாம் உருண்டையாக வெட்டப்பட்டு, அதன் மேல் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. பெரிய ஹோட்டல் வாசல்களில் நிற்குமே, அந்த மாதிரி நின்றது.

"இது இட்லிப்பூதானே?" என்று கேட்டார் அண்ணி.

அதேதான், அண்ணா. கோயில் நந்தவனத்தில் தாறுமாறாகக் கிடக்குமே, அந்த இட்லிப்பூ. முடி வெட்டி, தலை சீவி நிறுத்தினால் அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? "அது சும்மா வெட்டிப் பழகுனதும்மா. யாரும் கேக்குறதில்ல" என்றார் நர்சரிக்காரர். அண்ணி ஒரு இலையைக் கிள்ளினார். பால் வரவில்லை. ஒரு பூவைப் பறித்து அதன் நடுவிலிருந்த மெல்லிய இழையை உருவி, நுனியில் நின்ற துளியை எனக்குக் காட்டினார். "இந்தத் தேன உறிஞ்சாத புள்ள எங்க ஆண்டிமடத்துல கெடையாது" என்றார். நானும் உறிஞ்சியிருக்கிறேன். நீயும்தான். போனிலும் தேடினேன், குழந்தைக்குக் கேடில்லாத செடி என்றே இருந்தது.

ஆனால் அண்ணி அதோடு விடவில்லை. "மருந்து அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். போன வாரம் அடித்ததாக நர்சரிக்காரர் ஒப்புக்கொண்டார். "அப்ப இருக்குற பூ, மொட்டு எல்லாத்தையும் வெட்டிடுங்க. இனிமே வர்றது எங்களுக்குப் போதும்" என்றார் அண்ணி. "பூவப் பாத்துத்தாம்மா செடியே வாங்குவாங்க!" என்று நர்சரிக்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தவித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அரியலூர் பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் ஒரு மொட்டைச் செடியை மடியில் வைத்துக்கொண்டு, உன் மனைவி ராணி மாதிரி உட்கார்ந்து வந்தார். இனியா எட்டாதபடி அவளை நான் வைத்திருந்தேன்.

நட்டோம். அடி அகலமான தொட்டி, ஒரு குழந்தை தொங்கினாலும் சாயாது. அந்த விஷயத்தில் உன் கூட்டாளிகள் வாங்கியது தங்கம். செடி மெல்லத் துளிர்விட்டது. புது இலை பளபளவென்று வந்தது. ஒரு நாள் மத்தியானம் அண்ணி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் டீக்கடை ஆடு வந்து முன்னங்காலைத் தொட்டி மேல் தூக்கி வைத்து, உச்சியிலிருந்த அந்த உருண்டையை முழுசாகத் தின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் ஒரு குச்சிதான் நின்றது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாதான் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏ வளரு, ஆடே தின்னுட்டு அசை போட்டுக்கிட்டு நிக்கிது பாரு. அப்ப புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுடி!" என்றாள் அண்ணியிடம். அண்ணியும் சிரித்துவிட்டார். எத்தனை நாளுக்கு அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? நம்ம ஊரில் எந்த லேப் ரிப்போர்ட்டை விடவும் ஆடு அசை போடுவதுதான் பெரிய சர்டிபிகேட் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அம்மா அந்த ஆட்டைத் திட்டக்கூட இல்லை.

அடுத்த முறை கடைக்கு வரும்போது அம்மா நம்ம வயலிலிருந்து ஒரு சாக்கு மண் கொண்டு வந்தாள். நீ நடந்த மண்ணில் அந்தச் செடி நிற்கட்டும் என்று ஆசை. அண்ணி அந்த மண்ணைப் போட்டுக் குச்சியை மறுபடி நட்டார். துளிர்த்த இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்றபடி மஞ்சளாகிப் போனது. நம்ம மண்ணில்தான் சுண்ணாம்பு கொட்டிக் கிடக்கிறதே. உனக்குச் சோறு போட்ட அதே சுண்ணாம்பு இந்தச் செடிக்கு ஆகவில்லை. போர் தண்ணீரும் அப்படித்தான். அம்மாவின் முகம் வாடாமல் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அண்ணி ஆண்டிமடத்துக்குப் போன் போட்டு அவர்கள் முந்திரித் தோப்பு செம்மண்ணை வரவழைத்துவிட்டார். "அத்தை, மேல எங்க மண்ணு இருக்கட்டும். அடியில ஒரு கை நம்ம மண்ணு இருக்கட்டும். வேரு ரெண்டையும் பழகிக்கும்" என்றார். அந்த ஒரு கை மண்ணை அம்மாவே போட்டாள். தண்ணீருக்குப் பக்கத்து செல்போன் கடையின் ஏசியிலிருந்து சொட்டுவதைக் கேனில் பிடித்து ஊற்றுகிறார்கள். இலை மறுபடியும் பச்சையானது.

மிச்சம் இருந்தது ஆடு. அண்ணி சேகர் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. திறப்பு நாளுக்கு அப்புறம் அவர் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. வந்தவர் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், "ஆடு தின்னுடுச்சாமே. நான் அப்பவே சொன்னனா இல்லியா?" என்றார். குரலில் வெற்றி இருந்தது. கொஞ்சம் பாசமும் இருந்தது.

"சொன்னீங்கண்ணே. அதான் உங்களக் கூப்புட்டேன். ஆட்டுக்கு ஒரு வேலி போட்டுத் தாங்க. எம்பொண்ணுக்கு நான் வேலி போட மாட்டேன்" என்றார் அண்ணி.

சேகர் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்ணியின் டேப்பை வாங்கி இனியாவின் மணிக்கட்டை அளந்தார். உள்ளங்கையை அளந்தார். தெருவுக்குப் போய் டீக்கடை ஆட்டின் மூஞ்சியையும் அளந்தார். அண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன், அளந்தார். அது டேப்பைத் தின்னப் பார்த்தது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் பிள்ளையின் கை போக வேண்டும், ஆட்டின் வாய் போகக்கூடாது, பிள்ளையின் தலையும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார். லாரி செட்டு வெல்டிங் ஆளை வைத்து இரண்டு தடவை செய்து, இரண்டு தடவை அண்ணி திருப்பி அனுப்பி, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. வட்டக் கூண்டு, கறுப்புப் பெயிண்ட், முனையெல்லாம் மழுக்கி உருட்டிய கம்பி. அதை மாட்டிய பிறகு தொட்டிக்கு வந்த அழகைப் பார்த்து, எதிர்க்கடை பேக்கரிக்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உன் கூட்டாளிகள் கொண்டுவந்த அடீனியமும் நன்றாக இருக்கிறது. லாரி செட்டின் மொட்டை மாடிச் சுவரில் நின்று பூத்துத் தள்ளுகிறதாம்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். ஒரு சாதாரண முன்மதியம். கடையில் கல்யாணத் துணி கொடுக்க வந்த இரண்டு பெண்கள். அம்மா தரையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சேகர் அண்ணன் வாசற்படியில் டீயோடு. எனக்கு வார விடுமுறை. ஆடு தின்ற பிறகு தாழக் கிளைத்திருந்த இட்லிப்பூ முதல் கொத்து விட்டு முழுசாகச் சிவந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

இனியா நடந்து போனாள். இப்போதெல்லாம் விழாமல் நடக்கிறாள். கூண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கம்பி நடுவில் கையை விட்டாள். கை சரியாகப் போனது. ஒரு பூவைப் பிடித்து இழுத்தாள். பூ வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே வாயில் போட்டாள்.

துணி கொடுக்க வந்த பெண்களில் ஒருத்தி, "ஐயோ, புள்ள எதையோ தின்னுது பாருங்க!" என்று கத்தினாள்.

நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, அண்ணா. அம்மா ஊசியைக் கீழே வைக்கவில்லை. சேகர் அண்ணன் டீயை உறிஞ்சியபடி, "திங்கட்டும்மா, அவ வூட்டுச் செடி" என்றார். அண்ணியின் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு தையல்கூடத் தடுமாறவில்லை. இனியா மென்றாள். முகத்தைச் சுளித்தாள். பாதியைத் துப்பினாள். அடுத்த பூவுக்குக் கையை விட்டாள்.

அப்பா இல்லாத பிள்ளை என்று அவளைப் பார்த்து "உச்" கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அன்றைக்கு அந்த வாசலில் நின்றிருக்க வேண்டும். ஒரு தெருவில், அத்தனை தூசிக்கும் ஆட்டுக்கும் லாரிக்கும் நடுவில், ஒரு குழந்தை தன் இஷ்டத்துக்குக் கை நீட்டலாம், அவள் பின்னால் யாரும் பதறி ஓட வேண்டியதில்லை என்று ஓரிடத்தை அவள் அம்மா உண்டாக்கி வைத்திருக்கிறார். எனக்கு வந்த பெருமையை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருமி வைத்தேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. உனக்கு மட்டுமில்லை, இங்கே உட்கார்ந்து கேட்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான். இனிமேல் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்த வாசலுக்கு எது வந்தாலும் சரி, செடியோ, சம்பந்தமோ, யோசனையோ, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அண்ணி தொட்டுப் பார்த்து "வேணாம்" என்றால் அது வேணாம்தான். ஏன் எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் மகள் தைரியமாகக் கை நீட்டி வளரட்டும்.

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கச்சி,
வளர்மதியின் நாத்தனார்,
இனியாவுக்கு ஒரே அத்தை,
கலா